மந்தியைக் கண்டு கற்பிப்போம்

குறுந்தொகை 69ஆம் பாட்டில், ஆண்குரங்கு இறந்துபட, மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையினின்று பாய்ந்து மாய்கிறது. இரவில் வரும் தலைவனைத் தோழி விலக்கும் குறிப்பு இஃது என உரைத்து நாம் பாடத்தை முடிக்கிறோம். அது போதாது. மந்தி மாய்வது கற்பனையாகலாம்; குட்டியைச் சுற்றம் ஏற்பதோ கண்கூடு. முசுக் கூட்டத்தில் பிற பெண்குரங்குகளும் குட்டியை ஏந்திக் காக்கும்.

மலாய்க்காரர் லோத்தோங் எனும் முசு இன்று அருகிவருகிறது. பினாங்குத் தீவில் 2016 முதல் தொண்டர்கள் அதனைப் பின்தொடர்ந்து ஆய்கின்றனர். 2019இல் தெலுக் பஹாங் சாலைக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களால் அதற்கு வழியும் அமைத்தனர். குரங்கினம் காக்க அயல்நாடு செல்வோர் உளர். பத்து காவானில் வாழும் நமக்கோ கடற்பாலம் கடந்தால் போதும். புலவர் கண்டு பாடியதை மாணவர் கண்டு கற்கட்டும்.