அறுபது கிலோவிலிருந்து ஒரு டன்னுக்கு

எம்.எஸ் கட்டையில் ஒரு ஸ்லாட்: 10 மி.மீ அகலம், 10 மி.மீ ஆழம். என் சின்ன மில்லிங் மெஷினில் இதை வெட்ட 20 பாஸ் ஓட்ட வேண்டும். ஒரு பாஸுக்கு அரை மில்லிமீட்டர்தான். பேராசைப்பட்டு ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி சத்தம் வரும், வெட்டிய சுவரில் மீன் செதிலாக வரி விழும். புதிதாக வந்திருக்கும் பழைய டரட் மில்லிங்கில் அதே ஸ்லாட் நாலே பாஸில் முடிந்தது. கட்டர் அதே கட்டர், ஓட்டுகிற ஆளும் அதே ஆள். மாறியது மெஷினின் எடை.

சின்னதை விற்றுப் பெரியதை வாங்கிய கதையோடு, இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

சின்னதோடு நாலு வருஷம்

'மினி மில்' என்ற பொதுப் பெயரில் வரும் சீன மேசை மெஷின்களில் அதுவும் ஒன்று. எடை சுமார் 60 கிலோ, 350 வாட் மோட்டார், எம்.டி 3 ஸ்பிண்டில். டேபிள் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் நாலைந்து விரல். 4 அங்குல வைஸை மேலே ஏற்றினால் டேபிளைவிட வைஸ் அகலமாக இருக்கும்.

அலுமினியமும் பித்தளையும் அதற்குச் சர்க்கரைப் பொங்கல். வீட்டு பிளக்கிலேயே ஓடும், ராத்திரி பத்து மணிக்கு ஓட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் தட்டமாட்டார். இரும்பென்றால்தான் அதற்கு மூச்சு வாங்கும். தூண் முழுவதையும் பின்னால் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கட்டர் இரும்பில் ஏறும்போது தூண் கண்ணுக்குத் தெரியாமல் பின்வாங்கி, மறுபடி முன்னுக்கு வருகிறது. அந்த ஆட்டம்தான் மீன் செதில்.

மோட்டாரை மாற்றினால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். ஆனால் குறை பலத்தில் இல்லை, விறைப்பில் இருக்கிறது. ஒரு தூணின் தடிமனை இரண்டு மடங்காக்கினால், அந்தத் திசையில் அது வளைய மறுக்கும் திறன் எட்டு மடங்காகும். கட்டர் வெளியே நீண்டிருப்பதற்கும் இதே கணக்குதான், ஆனால் தலைகீழாக: நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. ஆகவே சின்ன மெஷின் வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. கட்டரை முடிந்தவரை கோலட்டுக்குள் தள்ளிப் பிடியுங்கள், ஓடாத அச்சுகளையெல்லாம் பூட்டிவிட்டு வெட்டுங்கள்.

உள்ளே இருக்கும் நைலான் கியர் ஒருமுறை பல் உதிர்ந்தது. அன்றைக்குத் திட்டினேன். அந்தத் திட்டைப் பின்னால் வாபஸ் வாங்க வேண்டியிருந்தது.

விற்பனை

விற்பதற்கு முன் பெயிண்ட் அடிக்கவில்லை. புதுப் பெயிண்ட்டைப் பார்த்தால் விவரம் தெரிந்தவருக்குச் சந்தேகம்தான் வரும். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, கிப் சரிபார்த்து, எண்ணெய் போட்டு வைத்தேன். வந்தவர் செல்வபுரம் பக்கத்திலிருந்து, நகை வேலை செய்யும் குடும்பத்துப் பையன். பித்தளையில் சின்னச் சின்ன அச்சு வெட்ட வேண்டுமாம்.

"இதுல இரும்பு வெட்டுமுங்களாண்ணா?"

"வெட்டும் தம்பி. அவசரப்பட்டா வெட்டாது."

அவர் கொண்டுவந்த பித்தளைத் துண்டையே வைஸில் கட்டி அவரையே ஓட்டச் சொன்னேன். நீளவாட்டில் 0.2 மி.மீ பேக்லாஷ் இருப்பதை டயல் வைத்துக் காட்டினேன். அளவெடுக்கும்போது எப்போதும் ஒரே திசையில் சுற்றி வந்து நிறுத்தினால் அது பிரச்சினை இல்லை என்பதையும் சொன்னேன். குறையை நாமே சொல்லிவிட்டால் பேரம் சீக்கிரம் முடிகிறது. வாங்கிய விலையில் பாதிக்கு மேலேயே கிடைத்தது.

எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரிய மெஷினின் ஸ்பிண்டில் ஆர் 8. எம்.டி 3 சாதனம் எதுவும் அதில் ஏறாது. அதனால் கோலட் சக், டிரில் சக், டேபிள் ஸ்லாட்டுக்குப் பொருந்தும் கிளாம்ப் செட், சின்ன வைஸ், ஸ்பேர் நைலான் கியர் எல்லாம் மெஷினோடு போயின. ஆனால் ஈ.ஆர் 32 கோலட்டுகளுக்கு மெஷின் பேதம் கிடையாது. சக்கின் பின்பகுதி மட்டும்தான் மாறும். அவருக்குத் தேவையான 3, 4, 6 மி.மீ கோலட்டுகளைக் கொடுத்துவிட்டு மற்றவற்றை வைத்துக்கொண்டேன். பழைய மெஷினை உதிரிகளோடு மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பவர்கள் இங்கேதான் நஷ்டப்படுகிறார்கள்.

பெரியதைத் தேர்ந்தெடுத்தது

ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ருடால்ஃப் பன்னோ, மேக்னஸ் வால்ஸ்ட்ராம் இருவரும் 1938இல் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரில் உருவாக்கிய வடிவம்தான் இந்த டரட் மில்லிங். ஏறி இறங்கும் முட்டி, முன்னும் பின்னும் நகரும் கை, இரு பக்கமும் சாயும் தலை. உலகம் முழுக்க இதைப் பார்த்துச் செய்தவை ஏராளம். ஆர் 8 ஸ்பிண்டிலும் அவர்களுடைய நிறுவனம் கொண்டுவந்ததுதான். நான் வாங்கியது அந்த வடிவத்தில் நம் நாட்டில் செய்த பழைய மெஷின்.

பழைய மெஷின் கடைக்குப் போகும்போது டயல், டார்ச், ஒரு துணி மூன்றும் கையில் இருக்கட்டும். வழுக்குப் பாதையைத் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். கையால் ஸ்கிரேப்பிங் செய்த தடம் இன்னும் தெரிந்தால் தேய்மானம் குறைவு. டேபிளை நடுவில் சுற்றிப் பாருங்கள், பிறகு இரு கோடிக்கும் கொண்டுபோய்ச் சுற்றுங்கள். நடுவில் தளர்வாகவும் கோடியில் இறுக்கமாகவும் இருந்தால் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. ஸ்பிண்டிலின் உட்சரிவில் டயல் வைத்துக் கையால் சுழற்றுங்கள். ஸ்பிண்டிலோடு ஏறி இறங்கும் குவிலை முழுக்க இறக்கிப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கடைசியாக உச்ச வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தியபின் பேரிங் இருக்குமிடத்தில் கை வையுங்கள். கையை எடுக்கத் தோன்றினால் மெஷினையும் விட்டுவிடுங்கள்.

என் மெஷினில் ஸ்பிண்டில் சுத்தம். நீளவாட்டு ஸ்க்ரூ மட்டும் நடுவில் தேய்ந்து 0.4 மி.மீ பேக்லாஷ் இருந்தது. நட்டை இறுக்கி நடுவில் சரிசெய்தால் கோடியில் சிக்கும். அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன்.

வீட்டுக்கு வந்த ஒரு டன்

சின்னது குட்டியானையில் ஒரு மூலையில் உட்கார்ந்து போனது. பெரியதற்கு கிரேன் வைத்த லாரி வந்தது. இந்த மெஷினுக்குத் தலைக்கனம் அதிகம், கவிழும். ஏற்றுமுன் முட்டியைக் கீழே இறக்கி, தலையைத் தலைகீழாகத் திருப்பிக் கட்ட வேண்டும். கேட்டிலிருந்து ஷெட்டுக்குள் இரும்புக் குழாய் போட்டு உருட்டினோம், கடப்பாரைதான் ஸ்டியரிங். டைல்ஸ் தரையென்றால் உடைந்திருக்கும். மெஷினின் உயரம் இரண்டு மீட்டருக்கு மேல், கூரையை முன்பே அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கரண்ட். என் ஷெட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். மெஷினில் இருப்பது மூன்று ஃபேஸ் மோட்டார். நடுவில் சிங்கிள் ஃபேஸை மூன்று ஃபேஸாக்கும் வி.எஃப்.டி வைத்தால் ஓடும், ஆனால் அது வெளியே கொடுப்பது 230 வோல்ட். ஸ்டாரில் கட்டிய 415 வோல்ட் மோட்டாரை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும், அதற்கு ஆறு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். என் மோட்டாரில் மூன்றுதான் இருந்தன. வைண்டிங் கடைக்காரர் திறந்து மீதி மூன்றையும் எடுத்துக் கொடுத்தார். இன்னொன்று: மெஷினில் இருக்கும் பழைய திருகு சுவிட்சை வி.எஃப்.டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது திருப்பினால் வி.எஃப்.டி போய்விடும்.

ஓட்டிப் பார்த்ததில்

இரும்பு வெட்டுவதில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 10 மி.மீ ஹெச்.எஸ்.எஸ் கட்டருக்கு 800 சுற்று வைத்தால் பெரியது முணுமுணுப்பதோடு சரி. வெட்டிய பரப்பில் விரல் வழுக்கிக்கொண்டு போகிறது. குவில் இருப்பதால் துளை போடுவது தனி சுகம்.

குறைகளும் உண்டு. தலை இரு பக்கமும் சாயும் என்பது வசதிதான். ஆனால் கட்டர் கடுமையாக இடித்துத் தலை கொஞ்சம் அசைந்துவிட்டால், டயலை டேபிளின் மேல் வட்டமாகச் சுற்றி நேர்படுத்த அரை மணி நேரம் போகிறது. ஒரு மில்லிமீட்டர் கட்டரை வைத்தால் கைக்கு எதுவும் தெரிவதில்லை. சின்னதில் கைப்பிடி வழியாகவே கட்டரின் நோவு தெரியும், இதில் 'டிக்' என்று உடைந்த பிறகுதான் தெரிகிறது.

பித்தளை, அலுமினியம், கைக்கு அடங்கும் வேலை என்றால் சின்னதை விற்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு முறையாவது இரும்பு வெட்டுகிறவர், தரைத்தளத்தில் இடம் உள்ளவர், பழைய மெஷினின் தேய்மானத்தோடு சமாளிக்கப் பொறுமை உள்ளவர் மாறலாம்.

ஆனால் நேராகப் பெரியதில் ஆரம்பிக்காதீர்கள். முதல் வாரத்தில் கிளாம்ப் ஒன்றைச் சரியாக முடுக்காமல் விட்டேன். சின்னதாக இருந்தால் திணறி நின்றிருக்கும், மிஞ்சிப்போனால் அந்த நைலான் கியர் பல்லைக் கொடுத்திருக்கும். பெரியது நிற்கவே இல்லை. கட்டையைப் பிடுங்கிச் சுவருக்கு எறிந்துவிட்டு அதே முணுமுணுப்போடு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் பழைய திட்டை வாபஸ் வாங்கினேன். இப்போதும் எந்தக் கட்டையானாலும் முதல் பாஸ் அரை மில்லிமீட்டர்தான்.