பன்னிரண்டு பட்டன், ஏழு கம்பி

அறுவடை சமயத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். நெல் மூட்டைகள் கோட்டை மதில் மாதிரி நிற்கும். எலெக்ட்ரானிக் தராசில் மின்னும் எண்ணைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நாம் கொஞ்சம் கீழே, பட்டன்களைப் பார்ப்போம்.

பட்டன்களைப் படிப்பது உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப். அதற்குக் கால்கள் கம்மி. பட்டனுக்கு ஒரு கால் என்றால் பன்னிரண்டு போயாச்சு. எண் காட்டும் திரைக்கு எங்கே போவது? அதனால் நாலு கம்பி குறுக்கே, மூன்று நெடுக்கே. சந்திக்கிற இடமெல்லாம் ஒரு பட்டன். ஏழு கால் போதும். சிப், குறுக்குக் கம்பிகளில் ஒவ்வொன்றாக சிக்னல் அனுப்பி, அது எந்த நெடுக்குக் கம்பியில் வருகிறது என்று பார்க்கும். உங்கள் விரல் எழுவதற்குள் பல சுற்று முடிந்துவிடும்.

சபாஷ் யோசனை. ஆனால் நமக்குப் புதுசில்லை. ஒண்ணாம் கிளாஸ் உயிர்மெய் அட்டவணை இதேதான்: 18 மெய், 12 உயிர்; 30-ஐ வைத்து 216 எழுத்து. 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையிலும் 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி'.

இந்தக் கட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு சதுரத்தின் மூன்று மூலைப் பட்டன்கள் சேர்ந்து அமுங்கினால், நாலாவதும் அமுங்கியதாக சிப் நம்பிவிடும். பெயரே 'கோஸ்ட்டிங்'. பேய்! பட்டனுக்கு ஒரு டயோடு போட்டால் பேய் ஓடிவிடும். அல்லது, மூன்று சேர்ந்து வந்தால் எதையும் ஏற்காதே என்று புரோகிராமில் எழுதிவிடலாம்.

இன்னும் கஞ்சத்தனமான வழி, ஒரே காலில் எல்லாப் பட்டனையும் படிப்பது. பட்டன்களுக்கு நடுவே ரெசிஸ்டர்கள் இருக்கும். வருகிற வோல்டேஜை அளந்து எந்தப் பட்டன் என்று ஊகிக்க வேண்டும். கார் ஸ்டீயரிங்கில் பாட்டு மாற்ற இது போதும். தராசுக்கு ஆகாது என்பேன். ஏன்னா, கட்டத்தில் ஒரு பட்டனுக்கு அழுக்கேறினால் அது வேலை செய்யாது, அவ்வளவுதான். இதில் அழுக்கேறினால் வோல்டேஜ் நகரும். 5-ஐ அழுத்தினால் 6 என்று படிக்கலாம். முன்னது மௌனம், பின்னது பொய். பாட்டு மாறினால் சிரிக்கலாம். சாக்கு எடையைக் கழிக்கிற இடத்தில் மாறினால்?

பி.காம். பாஷையில் சொன்னால், மிச்சமான கால்கள் கம்பெனிக்கு வரவு, தப்பான எண் விவசாயிக்குப் பற்று. சிக்கனம் நல்லதுதான்; யார் செலவில் என்று கேளுங்கள். அதுவரை, அழுத்திய எண்ணும் திரையில் வந்த எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டு சீட்டு வாங்குங்கள்.