கக்கூஸ் கழுவும் குழந்தையும் ஜப்பான் என்னும் பிரதியும்

தமிழில் ஜப்பான் குறித்து எழுதப்பட்டவற்றை ஒருசேர எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தால், எழுதியவர்கள் அநேகமாக எல்லோருமே தனியாகப் போன ஆண்கள் என்பது கண்ணில் படும். பாரதி போகாமலே எழுதினான். 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி அவன் எழுதிய சின்னக் கட்டுரைதான் நம்மவர்களின் ஹைக்கூ மோகத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி. 1930களின் நடுவில் டோக்கியோவில் புகைப்படக்கலை படித்த ஏ.கே. செட்டியார் ‘ஜப்பான்’ என்றே ஒரு புத்தகம் எழுதினார். பிறகு தி. ஜானகிராமனின் ‘உதயசூரியன்’. மூன்று பேரும் பெரிய ஆட்கள், மறுப்பதற்கில்லை. ஆனாலும் இவர்களுக்குப் பின்னால் வந்த சில்லறைப் பயணக் கட்டுரைகள் வரைக்கும் ஒரே சட்டகம் தொடர்கிறது. போகிறவன் பார்க்கிறான். ரயில் நேரத்துக்கு வருகிறது, தெரு சுத்தமாக இருக்கிறது, ஜனங்கள் குனிந்து வணங்குகிறார்கள். ‘நம்ம நாடு எப்போ இப்படி ஆகும்’ என்ற பெருமூச்சோடு கட்டுரை முடிகிறது.

இந்தச் சொல்லாடலில் சமையலறை இல்லை. குழந்தை இல்லை. குப்பையை யார் பிரித்தது என்ற கேள்வி இல்லை. பார்க்கிறவனுக்கு நகரம் கிடைக்கிறது. அங்கே குடியிருக்கிறவளுக்குக் குப்பைவண்டி வரும் கிழமைகளின் அட்டவணைதான் முதலில் கிடைக்கிறது.

கம்ப்யூட்டர் வேலைக்காக 2000ஐ ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் டோக்கியோவின் கிழக்கே நிஷிகசாய் பக்கம் குடியேறத் தொடங்கின. இன்று அங்கே கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் கிடைக்கும், தீபாவளியும் நடக்கும். புருஷனுக்கு ‘பொறியாளர்’ என்று விசா. பெண்டாட்டிக்கு ‘குடும்பத் தங்கல்’ என்று விசா. அவள் இங்கே எம்.எஸ்ஸி. படித்து வேலை பார்த்தவளாக இருக்கலாம். அங்கே தனி அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம், அதற்கு மேல் கூடாது. சட்டமே அவளை ‘உடன் வந்தவள்’ என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. பெயரிடுதல்தான் அதிகாரத்தின் முதல் வேலை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். நம்ம தெருப் பெண்ணின் விசாத் தாளில் அதை வாசிக்க நமக்குத் தோன்றவில்லை.

திருநகரில், நான் இருக்கிற மூன்றாவது ஸ்டாப்பில், அப்படிப் போய் ஆறு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம் ஒன்று உண்டு. (எங்கள் பகுதியில் ஜப்பான் என்றால் இப்போது தோப்பூர் எய்ம்ஸ்தான். 2019இல் அடிக்கல், 2021இல் ஜப்பான் கடனுக்குக் கையெழுத்து. ‘ஜப்பான்காரன் காசு எப்ப வரும்’ என்பது இங்கே டீக்கடைப் பேச்சில் ஒரு பழமொழி மாதிரியே ஆகிப்போனது.) அந்த அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சில நோட்டுகளை எடுத்துக் காட்டினார். அங்கே ஆரம்பப் பள்ளியில் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நடுவே தினமும் போய்வரும் தொடர்பு நோட்டு. குழந்தைக்குக் காய்ச்சலா, நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும், நீச்சல் வகுப்புக்குச் சம்மதமா என்பதெல்லாம் அதில் இருக்கும். படித்ததற்கு அடையாளமாக ஒரு முத்திரை. முதல் நோட்டில் இவர் எழுதியது போனைப் பார்த்து வரைந்த எழுத்து. நான்காவது நோட்டில் கை ஓடியிருக்கிறது. ஜப்பான் பற்றித் தமிழச்சி ஒருத்தி எழுதிய பிரதி என்று நான் பார்த்தது அது ஒன்றைத்தான். அதுவும் ஜப்பானிய மொழியில்!

மூன்றாவது நோட்டில் ஒரு பக்கம். மகள் ஐந்தாம் வகுப்பு. ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் பிள்ளைகளே முறைவைத்துத் துடைப்பார்கள். பல பள்ளிகளில் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் முறையில் கழிப்பறையும் வரும். மகள் வீட்டில் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள், தனக்குக் கழிப்பறைக் குழு என்று. விஷயம் போனில் திருநகருக்கு வந்துவிட்டது. மாமியார் கேட்டது இது:

“ஏம்மா, நம்ம புள்ளைய கக்கூஸ் கழுவ விடுறாங்களாமே? அதுக்குன்னு ஆளு கெடையாதா அந்த ஊர்ல?”

‘அதுக்குன்னு ஆளு.’ இந்த இரண்டு சொல்லுக்குள் ஊரும் சேரியும் இருக்கின்றன. இரண்டு நாள் வீட்டில் சண்டை. கடைசியில் இவர் நோட்டில் எழுதினார்: எங்கள் குடும்ப வழக்கப்படி மகளுக்கு அந்த வேலை மட்டும் வேண்டாம், வேறு எதுவும் செய்வாள். சாதி என்ற சொல் இல்லை. அந்தச் சொல் இல்லாமலே அது மிகச் சுத்தமான சாதி ஆவணம். ஜப்பானிய மரியாதை விகுதிகளெல்லாம் சரியாகப் போட்டு எழுதப்பட்டது. ஆசிரியை பதில் எழுதியிருந்தார்: எல்லோரும் பயன்படுத்துகிறோம், எல்லோரும் சுத்தம் செய்கிறோம், கைக்கு உறை தருகிறோம், கவலை வேண்டாம். அவர் பயந்தது கிருமிக்கு என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

இந்த இடத்தில் ‘பார்த்தீர்களா, ஜப்பானில் சாதி இல்லை’ என்று முடித்துக்கொள்வது சுலபம். பயணக் கட்டுரைக்காரர் அப்படித்தான் முடிப்பார். அது பொய். தோல், இறைச்சி, செத்த மாடு என்று தொழிலால் ஒதுக்கப்பட்ட புராகு மக்கள் அங்கே உண்டு. 1871 ஆணை அவர்களைச் சட்டப்படி விடுவித்தது. விடுதலை வரவில்லை என்பதால்தான் 1922 மார்ச்சில் கியோத்தோவில் கூடி ‘சுய்ஹெய்ஷா’ அமைப்பைத் தொடங்கினார்கள். 1975இல் அவர்களது குடியிருப்புகளின் பெயர்ப் பட்டியலைப் புத்தகமாகப் போட்டுக் கம்பெனிகளுக்கு விற்றது அம்பலமாயிற்று. வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஊர்ப்பெயரைப் பார்த்துக் கழித்துவிடலாம் அல்லவா, அதற்கு. பாரபட்சத்தை ஒழிக்க என்று 2016இல்கூட ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. எல்லாப் பிள்ளையும் கழிப்பறை கழுவுகிற நாட்டில்தான் இதுவும் நடந்தது. துடைப்பத்தை எல்லோர் கையிலும் கொடுத்தால் தீட்டு போய்விடும் என்ற காந்திய நம்பிக்கைக்கு ஜப்பான் நல்ல சாட்சி அல்ல. கழிப்பறையைப் பொதுவாக்கிவிட்டு, தீட்டை ஊர்ப்பெயரிலும் குடும்பப் பதிவேட்டிலும் பத்திரமாக வைத்திருக்க முடியும் என்பதற்கு வேண்டுமானால் சாட்சி சொல்லும்.

நம் தோழர்கள் சிலருக்கு இந்த இடம் பிடிக்காது. ஜப்பானைக் காட்டி நம்மூர்ச் சாதியைத் திட்டுவது வசதியாக இருந்ததால், அந்த ஊர்க்காரன் யாரை ஒதுக்கினான் என்று கேட்க நமக்கு நேரமில்லாமல் போனது.

தமிழ்–ஜப்பான் உறவு பேசியவர்களும் இதைத் தொடவில்லை. சுசுமு ஓனோவின் ஒப்பீடுகள் வந்தபோது நம்மவர்கள் அடைந்த பரவசத்துக்கு அளவில்லை. ஜனவரி 15ஐ ஒட்டிய அவர்கள் சடங்கும் நம்ம பொங்கலும் ஒன்றாம். மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை, அது கிடக்கட்டும். சொந்தம் கொண்டாட அரிசியும் பொங்கலும் கிடைத்தவர்களுக்கு, தோலும் பறையும் சொந்தமாகப் படவில்லை. சயாம்–பர்மா ரயில் பாதையில் 1942–43இல் ஜப்பானிய ராணுவம் கொண்டுபோய்க் கொன்ற மலாயாத் தோட்டத் தமிழர்களும் அந்த உறவுக் கணக்கில் வரவில்லை. அவர்களை எழுத மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலோடு வரவேண்டியிருந்தது.

இதையெல்லாம் எழுதுகிற எனக்கும் ஒரு கணக்கு உண்டு. நோட்டின் அந்தப் பக்கத்தை அவர் வாசித்துச் சொன்னபோது எனக்கும் முதலில் பிள்ளை மேல்தான் இரக்கம் வந்தது. எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிறைந்தபோது லாரியோடு வந்த இருவரின் பெயரை நான் கேட்கவில்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. தண்ணீர்கூட வாசலுக்கு வெளியே வைத்துத்தான் கொடுத்திருக்கிறோம். மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. இரண்டையும் பற்றிக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.

மகள் கழிப்பறைக் குழுவிலேயே அந்தத் தவணை முழுக்க இருந்தாளாம். மாமியாரிடம் ‘மாத்திட்டாங்க அத்தை’ என்று சொல்லியாயிற்று. அந்த நோட்டுகளைத் தமிழில் எழுதித் தாருங்கள், பத்திரிகையில் போடலாம் என்று கேட்டேன். ஆண்கள் எழுதாத ஜப்பான் அதில் இருக்கிறது என்றெல்லாம் கொஞ்சம் பிரசங்கமும் செய்தேன்.

“எழுதலாம் சார்,” என்றார். “அத்தை கண்ணாடி போட்டு எல்லாத்தையும் படிப்பாங்களே.”