பிக்காசோவின் நிழலுக்கு வெளியே பாயா

சில வருடங்களுக்கு முன்னர் இலக்கிய நண்பர்கள் கூடியிருந்த ஒரு மாலையில் அல்ஜீரிய ஓவியர் பாயா முஹ்யித்தீன் பற்றிப் பேச நேர்ந்தது. "பிக்காசோவுடன் வேலை செய்தவர்" என்றே அவரை நான் அறிமுகம் செய்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை அவரது ஓவியங்களின் பிரதிகளை ஆறுதலாகப் பார்த்த பின்னரே உணர்ந்தேன்.

பாயாவின் இயற்பெயர் பாத்மா ஹத்தாத். 1931 இல் அல்ஜியர்ஸுக்கு அண்மையில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். ஓவியக் கல்லூரி எதிலும் அவர் பயின்றதில்லை. களிமண்ணில் உருவங்கள் பிடித்துக்கொண்டிருந்த இச்சிறுமியை மார்கரித் கமினா என்ற பிரெஞ்சுப் பெண்மணி அல்ஜியர்ஸிலிருந்த தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கு வீட்டு வேலைகளில் உதவியபடியே பாயா வரைந்தார், மண்ணில் வனைந்தார்.

1947 இல், பதினாறு வயது நிரம்பும் முன்னரே, பாரிஸின் மாக் கலைக்கூடத்தில் அவரது கண்காட்சி நடந்தது. சர்ரியலிசத்தின் தலைமகனான அந்த்ரே பிரெத்தோன் அதற்கு எழுதினார். 1948 இல் வல்லோரிஸ் நகரின் மதுரா மட்பாண்டப் பட்டறையில் பாயா சிற்பங்கள் செய்தபோது பிக்காசோவும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்.

இப்பாராட்டுகளே அவருக்கு விலங்குகளாகவும் ஆயின. ஒருவர் அவரை சர்ரியலிஸ்ட் என்றார். இன்னொருவர் கள்ளமற்ற குழந்தைக் கலைஞர் என்றார். தானாகக் கற்றவர் என்பதை எதுவும் அறியாதவர் என்று பொருள்கொண்டதன் விளைவு இது. இவ்வடையாளங்களுள் தன்னை அடைத்துக்கொள்ள பாயா உடன்படவில்லை.

அவரது ஓவியங்களைப் பாருங்கள். நிழலில்லை, ஆழமில்லை. பெரிய கண்களும் பூவேலை ஆடைகளும் கொண்ட பெண்கள். அவர்களைச் சூழப் பறவைகள், மீன்கள், மலர்கள். ஆண்கள் இல்லை. 1834 இல் தெலக்ரோவா தீட்டிய அல்ஜியர்ஸ் பெண்கள், ஓர் அந்நியன் அந்தப்புரத்துள் நுழைந்து கண்டவர்கள். பாயாவின் பெண்களோ யாருக்காகவும் காத்திருப்பவர்களல்லர். அத்தோட்டம் அவர்களுடையது. இதனை அறியாமையின் விளைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. இது தெரிந்து செய்த தெரிவு.

1953 இல் பிளிதா நகரின் அந்தலூசிய இசைக் கலைஞர் அல்ஹாஜ் மஹ்பூழ் முஹ்யித்தீனை அவர் மணந்தார். கணவர் ஏறத்தாழ முப்பது வயது மூத்தவர். பாயா அவருக்கு இரண்டாவது மனைவி. அடுத்த ஆண்டு விடுதலைப் போர் தொடங்கியது. பிள்ளைகள் அறுவர். சுமார் பத்து வருடங்கள் அவரது தூரிகை ஓய்ந்திருந்தது.

இவ்விடத்தில் விமர்சகர்கள் இரண்டாகப் பிரிகின்றனர். முஸ்லிம் குடும்பம் ஒரு கலைஞியை விழுங்கிவிட்டது என்பர் சிலர். எம்மவர் சிலரோ அந்த மௌனத்தைப் பற்றிப் பேசவே விரும்புவதில்லை. எனக்கு இரண்டும் உடன்பாடில்லை. பத்து வருட ஓவியங்களை நாம் இழந்தோம். அது இழப்புத்தான், அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுதந்திரத்தின் பின்னர், 1963 இல் அல்ஜியர்ஸ் நுண்கலை அருங்காட்சியகம் அவரது படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது அவர் மீண்டும் வரையத் தொடங்கினார். அதன் பின்வந்த ஓவியங்களில் ஊதும் வயலினும் பெண்களின் அருகே வந்தமர்ந்தன. அந்த வீட்டில் அவர் கேட்ட இசை வீண்போகவில்லை. பட்ட துன்பத்தையும் பெற்ற செல்வத்தையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான விமர்சனம்.

தொண்ணூறுகளின் உள்நாட்டுப் போரில் கலைஞர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியபோதும் பாயா தாயகத்திலேயே இருந்தார். 1998 நவம்பரில் பிளிதாவில் காலமானார். 2018 இல் நியூயோர்க்கிலும் 2022 இல் பாரிஸிலும் அவரது ஓவியங்கள் பெருங் கண்காட்சிகளாக வைக்கப்பட்டன.

இப்போது யாராவது கேட்டால், பிளிதாவில் வாழ்ந்து வரைந்த ஓவியர் என்றே சொல்கிறேன். பிக்காசோவைப் பற்றியும் கேட்டால், அவர் 1948 இல் பாயா இருந்த பட்டறையில் வேலை செய்தவர் என்கிறேன்.