கடத்தல் என்னும் ஒரு சொல்: தாராசுரம் துவாரபாலகரும் குற்றச் சொற்களின் தமிழாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலச் சட்டமொழியில் தனித்தனிப் பெயர் பெற்ற குற்றங்கள் பல, இன்றைய தமிழ் உரைநடையில் ‘கடத்தல்’, ‘கொள்ளை’ என்னும் இரு சொற்களுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. காவிரிப் படுகையில் நிகழ்ந்த திருமேனி இழப்புகளை முன்வைத்து இவ்வொடுக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. தாராசுரத்தில் இருந்த சாளுக்கியத் துவாரபாலகர் பீடத்தின் சொல்லாட்சியை உரைகல்லாகக் கொள்கிறது.

திறவுச்சொற்கள்: குற்றச் சொற்கள், தாராசுரம், திருமேனி, கடத்தல், சட்டத்தமிழ்

பீடத்தில் இரு வினைகள்

இராசராசபுரம் என்னும் பெயர் மருவித் தாராசுரம் ஆயிற்று. இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் அங்கு எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில், கோயிலினும் ஒரு நூற்றாண்டு மூத்த கல் துவாரபாலகர் ஒருவர் இருந்தார். அவர் சோழநாட்டுச் சிற்பியர் படைப்பு அல்லர். முதலாம் இராசாதிராசன் மேலைச் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்றபோது அங்கிருந்து கொணர்ந்த சிற்பம் அது. இன்று தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் பீடத்தில் தமிழில் பொறிக்கப்பட்ட ஒரு வரி, விசயராசேந்திரர் என்னும் மன்னனின் விருதுப்பெயரையும் நகரின் பெயரையும் கூறிவிட்டு, இரண்டு வினைகளால் முழுநிகழ்வையும் சொல்லிவிடுகிறது: ‘எறிந்து’, ‘கொடுவந்த’.

எறிதல் தாக்கி அழித்தல். கொடுவருதல் கொண்டுவருதலன்றி வேறில்லை. ஆற்றிலிருந்து நீரைக் கொண்டுவருவதற்கும் அதே வினைதான். உடைமை மாறியது என்பதற்கோ, உடையவர் இசையவில்லை என்பதற்கோ அவ்வரியில் ஒரு சொல்லும் இல்லை. மறைக்க வேண்டிய செய்தியாக இருந்திருப்பின் கல்லில் வெட்டியிருக்கமாட்டார்கள். ரிச்சர்டு டேவிஸ் 1997இல் வெளியிட்ட இந்தியத் திருவுருவங்களின் வரலாறு பற்றிய நூலில், இச்சிற்பத்தை இடைக்கால அரசர்களின் போர்க்கவர்வு மரபினுள் வைத்துப் பார்க்கிறார். அம்மரபு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் வெட்சித் திணையில் ஆநிரை கவர்தலைக் களவு என்றே சுட்டினும், கவர்ந்ததைப் பேணுதலையும் உடன்கூறி அதனைப் போரின் முறையாக்குகிறது. களவு என்னும் அதே சொல் அகத்தில் காதல் ஒழுக்கத்திற்குப் பெயராவதை இங்கு நினைவில் கொள்ளலாம். பழந்தமிழில் களவு மறைவைக் குறித்தது. குற்றமா அன்றா என்பதைத் திணையே முடிவுசெய்தது.

ஆங்கிலத்தில் இச்சிற்பத்தைப் பற்றி எழுதுவோருக்கு டிராபி, பூட்டி, லூட் என்னும் மூன்று சொற்கள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. முதலாவது பெருமைக்குரியது, இரண்டாவது படையினரின் பங்கு, மூன்றாவது பழிப்பு. தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் ‘வெற்றிச் சின்னம்’ என்றே நின்றுவிடுகின்றனர். இதே கைகள் ஆங்கிலேயர் எடுத்துச்சென்ற பொருள்களைப் பற்றி எழுதும்போது ‘கொள்ளை’ என்கின்றன. எடுத்தவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுமாயின், அது ஆய்வுச்சொல் ஆகாது. ஒன்று இரண்டிற்கும் ஒரே சொல்லை ஆள வேண்டும். அல்லது இரண்டும் ஏன் வேறு என்று வாதிட வேண்டும். வாதிட இடமுண்டு என்பது உண்மையே. ஆனால் அவ்வாதம் எழுதப்படாமல், சொல்தேர்வே வாதமாக நின்றுவிடுவதுதான் குறை.

ஆங்கிலத்தில் இந்தியச் சொற்கள்

ஆங்கிலக் குற்றச் சொற்களஞ்சியத்தை முற்றிலும் அயலானது எனக் கருதுவதும் பொருந்தாது. லூட் இந்தியிலிருந்து கம்பெனி ஆட்சிக்காலத்தில் ஆங்கிலம் புகுந்த சொல். தக், டகாய்ட்டி ஆகியனவும் அவ்வாறே. 1860இல் இயற்றப்பட்டு 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் இவ்விரண்டையும் சட்டச்சொல் ஆக்கியது. 310ஆம் பிரிவு தக் என்பவன் யார் என வரையறுத்தது. 391ஆம் பிரிவு ஐவர் அல்லது அவர்க்கு மேற்பட்டோர் கூடிச் செய்யும் கொள்ளையை டகாய்ட்டி என்றது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தக் நீங்கிவிட்டது, டகாய்ட்டி நிலைத்தது. அதன் புதிய பிரிவு எண் 310 என்பது தற்செயலின் விளையாட்டு.

‘கூட்டுக்கொள்ளை’ என்னும் தமிழாக்கம் டகாய்ட்டிக்கு நன்கு பொருந்துகிறது. சிக்கல் ‘கொள்ளை’யில் உள்ளது. சட்டத்தில் திருட்டு, வன்முறையோ அச்சுறுத்தலோ சேரும்போதுதான் கொள்ளையாகிறது. வழக்குத்தமிழிலோ கொள்ளை அளவைக் குறிப்பது. கொள்ளை அழகு, கொள்ளை ஆசை, கொள்ளைநோய் ஆகியவற்றில் வன்முறை எங்கே? மிகுதியே உண்டு. எனவே ஆளில்லாத வீட்டில் நூறு பவுன் நகை போனால் நாளிதழ் தயங்காமல் ‘கொள்ளை’ என்கிறது. சட்டப்படி அது திருட்டு. பழந்தமிழ் அதற்குக் ‘கன்னமிடுதல்’ என்னும் துல்லியமான சொல்லை வைத்திருந்தது. கன்னக்கோல் என்னும் கருவிப்பெயரோடு அச்சொல் இன்று அகராதியில் மட்டும் வாழ்கிறது.

மறுதலையாகவும் ஒரு சான்று உண்டு. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் பறிப்புக்கெனத் தனிக்குற்றம் இல்லை. தமிழ் நாளிதழ்களோ ‘சங்கிலிப் பறிப்பு’, ‘நகை பறிப்பு’ என நெடுங்காலமாக வேறுபடுத்தி எழுதிவந்துள்ளன. 2023ஆம் ஆண்டுச் சட்டமே 304ஆம் பிரிவில் ஸ்நாச்சிங் என்பதைத் தனிக்குற்றமாக்கியது. இங்குத் தெருத்தமிழ் சட்டத்தை முந்திக்கொண்டது.

மூன்று இழப்புகள், ஒரு பெயர்

தாராசுரத்தைச் சூழ்ந்த காவிரி, கொள்ளிடக் கரைகளில் மூன்று நடராசர் திருமேனிகளின் வரலாறு நன்கு அறியப்பட்டது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்து நடராசர் 1950களில் செப்பனிடுவதற்காக ஒப்படைக்கப்பட்டு, போலி வடிவம் கோயிலுக்குத் திரும்பியது. உண்மைத் திருமேனி 1970களில் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் சென்று, 1976இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1986இல் மீண்டது. பத்தூர் நடராசர் 1976இல் மண்ணிலிருந்து ஒரு தொழிலாளியால் தோண்டியெடுக்கப்பட்டு, கைமாறி இலண்டனை அடைந்தது. 1991இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் கோயில் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2006இல் பூட்டிக்கிடந்த கோயிலிலிருந்து எடுக்கப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டு, 2014இல் திருப்பியளிக்கப்பட்டது.

தமிழ் எழுத்துகளில் இம்மூன்றும் ‘சிலைக் கடத்தல்’. சட்ட இலக்கணப்படி நோக்கினால் மூன்றும் மூன்று. திருட்டு என்பதற்கு உடைமையிலிருந்து இசைவின்றி எடுத்தல் வேண்டும். சிவபுரத்தில் கோயிலார் இசைந்தே கொடுத்தனர். எனவே அது 405ஆம் பிரிவு கூறும் நம்பிக்கை மோசடிக்கே நெருங்கியது. பத்தூரில் எடுக்கப்பட்டது புதையல். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டவர் அறிவிக்க வேண்டும் என்னும் 1878ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு முன்வருகிறது. ஸ்ரீபுரந்தானில் நிகழ்ந்ததே சொல்லின் முழுப்பொருளில் திருட்டு. பழையவர் சொல்லில் கன்னமிடுதல்.

கடத்தலின் வேர் ‘கட’ என்பது. கடக்கச் செய்தலே கடத்துதல். நாளைக் கடத்துகிறோம்; மின்சாரத்தைச் செம்பு கடத்துகிறது. எல்லை கடத்தல் என்னும் பொருளிலிருந்தே குற்றப்பொருள் கிளைத்தது. பிறகு அது பரந்து, தங்கக் கடத்தல், ஆள் கடத்தல், விமானக் கடத்தல், மணல் கடத்தல் என ஆங்கிலத்தின் ஸ்மக்ளிங், கிட்னாப்பிங், டிராஃபிக்கிங், ஹைஜாக்கிங் யாவற்றையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. இவ்விரிவு மொழியின் வளமே எனலாம். ஆயினும் திருமேனிகளைப் பொறுத்தவரை அது ஒரு தீங்கு செய்கிறது: குற்றத்தின் இடத்தைக் கருவறையிலிருந்து துறைமுகத்திற்கு மாற்றிவிடுகிறது. இதனால் திருமேனி எல்லையைக் கடக்கும்வரை நிகழ்ந்தவற்றிற்குப் பெயர் இல்லாமற் போகிறது. காப்பாளரின் ஒப்படைப்பு, செப்பனிடுவோரின் போலி, உள்ளூர்த் தரகு ஆகியன ஆய்வுக்கட்டுரைகளில் ஒரு வரியில் கடந்துசெல்லப்படுவதற்கு இச்சொல்லும் ஒரு காரணம். தாராசுரப் பீடம் இவ்வகையில் நேர்மையானது. ‘எறிந்து’ என்பது எடுத்த இடத்துச் செயல். ‘கொடுவந்த’ என்பது வழிச்செயல். இரண்டையும் அது ஒன்றாக்கவில்லை.

நிகரன் தேடும் வழக்கம்

ஒரு சொல்லுக்கு ஒரு நிகரன் என்னும் பட்டியல்முறையே இந்நிலைக்கு வழிவகுத்தது எனலாம். இல்லீகல், அன்லாஃபுல், இல்லிசிட் ஆகிய மூன்றும் தமிழில் ‘சட்டவிரோதம்’. பண்பாட்டு உடைமை பற்றிய 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்பாடு தன் தலைப்பிலேயே இல்லிசிட் என்பதை ஆள்வது, ஒவ்வொரு நாட்டின் குற்றவியல் சட்டத்தோடும் அச்சொல் ஒட்டாமல் நிற்பதால்தான். அந்நுட்பம் தமிழாக்கத்தில் தங்குவதில்லை.

இப்படுகையில் பணியாற்றிய ஒருவர் வேறுவழியை மேற்கொண்டார். தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889), 1805 முதலான நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862இல் வெளியிட்டார். கைது, ஜாமீன், பிராது என்னும் பாரசீக, அரபுவழிச் சொற்கள் நீதிமன்றத்தில் வழங்கிய காலம் அது. அவர் எடுத்துக்கொண்டது சொற்பட்டியலை அன்று, வழக்குகளை. வழக்கின் கதை சொல்லப்படும்போது, சொல்லின் எல்லை தானே தெளிகிறது.

சோழர் கல்வெட்டுகளும் இம்முறையையே பின்பற்றின. வேட்டையில் எய்த அம்பு தவறி மனிதன்மேல் பட்டு அவன் இறந்தால், எய்தவனைக் கொலைத்தண்டனைக்கு உட்படுத்தாமல் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைக்கச் செய்த தீர்ப்புகள் அவற்றில் உண்டு. ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் என்பது பொதுவழக்கு. ஆங்கிலச் சட்டமொழி கொலையாகாத மரணம் விளைவித்தல் என நீண்ட தொடரால் வகுத்ததை, கல்வெட்டு நிகழ்ந்ததைச் சொல்லியும் விளக்கைச் சொல்லியும் வேறுபடுத்திவிட்டது. எதிர்முனையில் உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைத் ‘துரோகிகள்’ என்கிறது. கொலை அங்கு வினையாக மட்டும் நிற்கிறது. குற்றத்தின் பெயர் துரோகம். உறவினரின் உடைமைகளும் ஏன் பறிமுதலாயின என்பதை அப்பெயரே விளக்குகிறது.

பத்தூர் வழக்கில் இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. இந்தியச் சட்டத்தில் இறைவன் சட்டமுறை ஆள். இலண்டன் நீதிமன்றம் கோயிலை வழக்காடும் தகுதியுடைய ஆளாக ஏற்றது. ‘சிலை’ என எழுதும்போது இழந்த பொருள் கிடைக்கிறது, இழந்தவர் மறைகிறார். கல்வெட்டுத்தமிழ் ‘திருமேனி’ என்றது. ‘சாமியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்’ என்னும் ஊர்ப்பேச்சில் ஆளைக் கவர்ந்த பொருள் இன்றும் கேட்கிறது. 1983இல் தொடங்கப்பட்ட காவல்பிரிவின் ஆங்கிலப் பெயர் ஐடல் விங். அதில் குற்றத்தின் பெயரே இல்லை. தமிழில் அது சில இடங்களில் ‘சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு’ எனவும், சில இடங்களில் ‘சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு’ எனவும் எழுதப்படுகிறது. இவ்விரண்டில் எது எந்த ஆவணத்தில், எந்த வழக்கில், எந்த ஆண்டில் வருகிறது எனத் தொகுத்தால், கும்பகோணம் நீதிமன்ற வழக்குகளின் சொல்வரலாற்றுக்கு அது முதற்படியாகும்.