நிழலுக்குப் பெயரிட்டால் நோய் தெரிந்துவிடுமா?

மார்பு எக்ஸ்-ரே படம் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விலா எலும்புகள் தெரியும், இதயம் தெரியும். நுரையீரலுக்குள் கிளைத்துச் செல்லும் மூச்சுக் குழல்கள் மட்டும் பெரும்பாலும் தெரிவதில்லை. அவற்றின் உள்ளேயும் காற்று, சுற்றிலும் காற்று. சுவரோ மிக மெல்லியது. குழலுக்குள் சளி கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டால், காற்று இருந்த இடம் வெண்மையாகத் தெரியத் தொடங்குகிறது.

இவ்வெண்மைக்கு மருத்துவ நூல்கள் உவமைப் பெயர்கள் சூட்டியுள்ளன. பெரிய குழல்களில் அடைப்பு இருந்தால் 'கையுறை விரல்'. சி.டி. ஸ்கேனில் நுண்குழல்களின் அடைப்பு தெரிந்தால் 'அரும்பு விட்ட கிளை'. இப்பெயர்கள் எந்த அளவுக்கு உதவுகின்றன?

கண்ணைப் பழக்க அவை உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. கையுறை அணிந்து பழகாத மாணவர், தாய்க் கிழங்கிலிருந்து மழுங்கிய நுனியுடன் கிளைக்கும் விரலி மஞ்சளை நினைத்துக்கொள்ளலாம். ஒருமுறை மனத்தில் பதிந்தால் மறக்காது.

குறையும் அங்கேதான் இருக்கிறது. பெயர் வடிவத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. 1993இல் தென்கொரிய மருத்துவர்கள் காசநோயாளரின் சி.டி. படங்களில் 'அரும்பு விட்ட கிளை'யை விளக்கிக் காட்டினர். அதன்பின் அப்பெயரைக் கேட்டதுமே காசநோய் நினைவுக்கு வருவது வழக்கமாயிற்று. ஆனால் பிற கிருமிகள் தொற்றினாலும், உணவு தவறி மூச்சுக் குழலுக்குள் போனாலும் அதே அரும்புகள் தோன்றும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஆஸ்துமா நோயாளிகள் சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையால் ஒவ்வாமை உண்டாகி, கெட்டிச் சளி குழல்களை அடைக்கிறது. அந்த நிழலைக் காசநோய் என்று கருதியதால், மாதக்கணக்கில் காசநோய் மருந்து உண்டவர்கள் நம் நாட்டில் உண்டு. அவர்களுக்கு வேண்டியது ஸ்டீராய்டு அல்லது பூஞ்சை எதிர்ப்பு மருந்து. சி.டி. படத்தில் அச்சளி முதுகுத் தசையைவிட வெண்மையாகத் தெரிந்தால், அது இந்நோய்க்கு வலுவான அடையாளம். உவமையில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

எனவே பெயரைச் சொன்னதோடு நிறுத்தாமல் மேலும் கேட்க வேண்டும். அது ரத்தக் குழாயா, சளியா? ஊசி வழியே சாய மருந்து செலுத்தினால் ரத்தக் குழாய் வெண்மை கூடும், சளி கூடாது. பெரிய குழலில் இருப்பது சளியா, கட்டியா? இருமச் செய்து மீண்டும் படம் எடுத்தால் சளி இடம் மாறக்கூடும், கட்டி மாறாது. சளிதான் என்றால், அது ஏன் தேங்கியது? அடைப்புக்குப் பின்னால் ஒரு கட்டி மறைந்திருக்கலாம். இதற்கு விடை சொல்லச் சளிப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும், சில வேளைகளில் மூச்சுக் குழலுக்குள் கருவி விட்டுப் பார்ப்பதும் வேண்டும்.

உவமை வாசல் வரை அழைத்துச் செல்லும் வழிகாட்டி. வீட்டுக்குள் இருப்பவர் யார் என்பதை நாம்தான் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்.