ஒரு பதிவேட்டுத் திருட்டு

போன வாரம் ஓர் உளவுப் படம் பார்த்து ஏமாந்தேன். நாயகன் நாடு நாடாகப் பறந்து சுட்டுக்கொண்டே இருந்தான். அவன் எதை மறைக்கிறான், யாருக்குப் பயப்படுகிறான் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. மனசு ஆறாமல், 2011இல் வந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'யை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

அதில் பீட்டர் கில்லம் என்ற உளவு அதிகாரி தன் சொந்த அலுவலகத்திலிருந்தே ஒரு பதிவேட்டைத் திருடுகிறான். துப்பாக்கியே கிடையாது. கையில் கொண்டுவந்த பையை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அலமாரிகளுக்கு நடுவே நடை, சொல்லிவைத்த நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு, திருடிய சூட்டோடு மேலதிகாரிகளிடமிருந்து அழைப்பு. கில்லமாக நடிக்கும் கம்பர்பேட்சின் முகத்தைப் பார்க்கும் நமக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. அவன் ஏமாற்றுவது எதிரியை அல்ல, தினமும் முகம் பார்க்கும் சகாக்களை.

மூல நாவலை எழுதிய ஜான் லெ காரே பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர். அதே துறையில் உயர்ந்த பதவி வகித்த கிம் ஃபில்பி, 1963இல் சோவியத் பக்கம் ஓடிப்போனார். அந்தக் காயம் நாவலெங்கும் இருக்கிறது. துரோகி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

அந்தத் துரோகியைத் தேடும் ஸ்மைலியாக வரும் கேரி ஓல்ட்மன் படத் தொடக்கத்தில் நெடுநேரம் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அந்த மௌனத்தைத் தவறவிடாமல் பாருங்கள்.